வருமான வரித் தீர்ப்பாயத்தில் வாதாட ஒரு பயிற்சி: காரைக்குடி வகுப்பைப் பற்றிய மதிப்புரை

வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்சிக்காரருக்காக எழுந்து நின்று பேசுவதற்கு வக்கீல் பட்டம் கட்டாயமில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288-ஆம் பிரிவு வக்கீல்களோடு பட்டயக் கணக்கர்களையும், வரி செலுத்துபவரின் உறவினரையும், அவரிடம் முறையாகச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியரையும், விதிகளில் சொல்லப்பட்ட கல்வித் தகுதி உள்ள வருமான வரித் தொழில்முறையாளரையும் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதிகளாக ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கல்வித் தகுதி வணிகவியல் பட்டமாக இருந்தாலே போதும். ஆகவே காரைக்குடியில் பி.காம். முடித்துவிட்டு, செக்காலைச் சாலையில் ஒரு மாடியறையில் அமர்ந்து ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுப்பவருக்கும், விதிப்படியான பதிவும் கட்சிக்காரரின் அதிகாரக் கடிதமும் இருந்தால், சென்னை அமர்வின் முன் வாதாடும் உரிமை உண்டு. எங்கள் வட்டாரத்தில் இந்த உரிமையை அறிந்தவர்கள் பலர். பயன்படுத்தியவர்கள் மிகச் சிலர். அந்த இடைவெளியை நிரப்புவதற்காக வார இறுதிகளில் நடத்தப்படும் ஒரு பயிற்சி வகுப்பில் அண்மையில் படித்து முடித்தேன். இத்தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று கருதி அதன் நிறைகுறைகளை இங்கே எழுதுகிறேன். தொழில் விளம்பரமாகிவிடக் கூடாது என்று நடத்துபவர்கள் கேட்டுக்கொண்டதால் அவர்களுடைய பெயரை எழுதவில்லை. செக்காலைப் பகுதியில் வரி வேலை பார்ப்பவர் எவரைக் கேட்டாலும் இடத்தைச் சொல்வார்.

இந்தப் பயிற்சியின் தேவை என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வரித்துறை தன் பக்கத்திலிருந்து தீர்ப்பாயத்துக்குச் செல்வதற்கு ஒரு தொகை வரம்பை வைத்திருக்கிறது; 2024 செப்டம்பரில் அந்த வரம்பு 60 லட்சம் ரூபாய் வரித்தொகையாக உயர்த்தப்பட்டது. ஆகவே சிறிய வழக்குகளில் பெரும்பாலும் மேல்முறையீடு செய்பவர் வரி செலுத்துபவராகத்தான் இருக்கிறார். பலகாரக் கடைக்காரர், ஆத்தங்குடி கல் பதிக்கும் ஒப்பந்தக்காரர், பூர்வீக வீட்டில் தன் பங்கை விற்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று இப்படிப்பட்டவர்களே அங்கே மனுதாரர்கள். சென்னையில் ஒரு வக்கீலை அமர்த்தினால் அவருடைய கட்டணம் பல வேளைகளில் சர்ச்சைக்குரிய வரியையே எட்டிவிடும். உள்ளூர்க் கணக்காளரோ தீர்ப்பாயம் என்றதும் தயங்கி ஒதுங்கிவிடுகிறார். முடிவில் விசாரணை நாளன்று மனுதாரர் தரப்பில் ஒருவரும் இல்லாமல், துறைப் பிரதிநிதியின் வாதத்தை மட்டும் கேட்டு உத்தரவு பிறப்பிக்கப்படுகிறது. தகுந்த காரணம் காட்டினால் அந்த உத்தரவை விலக்கி மறுபடி விசாரிக்கத் தீர்ப்பாய விதிகளின் 24-ஆம் விதி இடம் தருகிறது என்றாலும், அதற்கும் மனு எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டுமே. நியாயம் தன் பக்கம் இருந்தும் பேச ஆளில்லாமல் தோற்றவர்களை எங்கள் ஊரில் நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பயிற்சியை வெறும் தொழில் வளர்ச்சியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

அமெரிக்காவின் வரி நீதிமன்றத்தில் வேறொரு முறை இருப்பதை முதல் வகுப்பிலேயே விளக்கினார்கள். அங்கும் வக்கீல் அல்லாதவர்கள் வாதாடலாம். இன்ன தொழிலைச் சேர்ந்தவர் அல்லர் என்ற காரணத்துக்காகத் தகுதியுள்ள ஒருவரை விலக்கக் கூடாது என்று அவர்களுடைய வரிச் சட்டத்தின் 7452-ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் அதற்கு நீதிமன்றம் நடத்தும் எழுத்துத் தேர்வில் வெற்றி பெற்றாக வேண்டும். நீதிமன்ற நடைமுறை, கூட்டாட்சி வரிச் சட்டம், சாட்சிய விதிகள், தொழில் ஒழுக்கம் என்ற நான்கு பகுதிகளிலும் தனித்தனியே தேற வேண்டும். இங்கே அப்படியொரு தேர்வு கிடையாது. பட்டம் இருந்தால் கதவு திறந்திருக்கிறது. சோதிப்பவர் எவரும் இல்லாத இடத்தில் தன்னைத் தானே தயார் செய்துகொள்ளும் பொறுப்பு கூடுதலாகிறது என்று ஆசிரியர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். பாடத்திட்டத்தையும் ஏறக்குறைய அந்த நான்கு பகுதிகளை ஒட்டியே அமைத்திருக்கிறார்கள். ஆனால் நான்குக்கும் ஒரே அளவு கவனம் கிடைக்கவில்லை என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

வகுப்பின் உயிர்நாடி எழுத்துப் பயிற்சிதான். மேல்முறையீட்டு மனுவுக்கான படிவம் 36, இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு அதில் ஒரு விழுக்காடு என்றும் உச்சமாக 10,000 ரூபாய் என்றும் அமைந்த கட்டணம், உத்தரவு கிடைத்த மாதத்தின் கடைசி நாளிலிருந்து இரண்டு மாதம் என்று 2024 அக்டோபர் முதல் மாறியிருக்கும் காலக்கெடு ஆகியவற்றை ஒரு முற்பகலில் முடித்துவிட்டார்கள், அது போதும். மேல்முறையீட்டுக் காரணங்களை எழுதுவதற்கு மட்டும் பல அமர்வுகள். காரணங்கள் சுருக்கமாகவும், தனித்தனித் தலைப்பில், வரிசை எண்ணோடும், வாதமோ கதையோ கலக்காமலும் இருக்க வேண்டும் என்பது 8-ஆம் விதி. அதைப் படிக்கும்போது எளிதாகத் தோன்றும். எங்களில் ஒருவர் எழுதிய முதல் காரணம் இப்படித் தொடங்கியது: “மனுதாரர் பரம்பரையாக நாணயத்துக்குப் பெயர் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர், மதிப்பீட்டு அலுவலர் அவருடைய முதுமையையும் உடல்நிலையையும் சற்றும் எண்ணிப் பார்க்காமல்…” ஆசிரியர் சிவப்பு மையால் அதை முழுவதும் அடித்துவிட்டுப் பக்க ஓரத்தில் எழுதினார்: “வங்கிக் கணக்கும் விற்பனை ரசீதும் பதிவில் இருக்க, அவற்றைப் பரிசீலிக்காமல் 11,40,000 ரூபாயை விளக்கம் இல்லாத பணமாகச் சேர்த்தது சட்டப்படி தவறு.” பதிவில் இருப்பதைச் சுட்டிக்காட்டுவதற்கும் இரக்கத்தைக் கோருவதற்கும் உள்ள வேறுபாடு அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எல்லோருக்கும் விளங்கியது. தீர்ப்பாயத்தில் மனு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு காரணத்தையும் முதலில் தமிழில் தெளிவாக்கிக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இந்த முறை பெரிய துணையாக இருந்தது.

அடுத்து ‘பேப்பர் புக்’ எனப்படும் ஆவணத் தொகுப்பு. இதற்கு அவர்கள் கொடுத்த முக்கியத்துவம் மிகையில்லை என்றே சொல்வேன், ஏனென்றால் சிறிய வழக்குகளில் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. 18-ஆம் விதி கேட்பது இவ்வளவுதான்: நகல் படிக்கும்படி இருக்க வேண்டும்; ஒவ்வொரு தாளிலும் உண்மை நகல் என்ற சான்று வேண்டும்; அட்டவணையில் பக்க எண்ணும், அந்த ஆவணம் எதற்குப் பொருந்துகிறது என்ற சிறு குறிப்பும், கீழே எந்த அதிகாரியிடம் அது முன்னர் தாக்கல் செய்யப்பட்டது என்ற விவரமும் இருக்க வேண்டும். தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு கணக்காளர் தம் உண்மையான கோப்பு ஒன்றைக் கட்சிக்காரரின் பெயரை மறைத்துவிட்டுக் கொண்டுவந்தார். ஆசிரியர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பட்டாவின் நகல் கறுத்துப் போயிருந்தது. வங்கிக் கணக்கில் சர்ச்சைக்குரிய வரவு எது என்று குறிக்கப்படவில்லை. கடைசியில் செருகியிருந்த ஒரு ஒப்புதல் கடிதம் கீழ்நிலை அதிகாரி எவரிடமும் காட்டப்பட்டதே இல்லை. “இந்தக் கடைசித் தாளைச் சும்மா உள்ளே வைக்க முடியாது. 29-ஆம் விதியின் கீழ் கூடுதல் ஆதாரம் என்று தனி மனுப் போடுங்கள், முன்பே ஏன் கொடுக்கவில்லை என்று அதில் காரணம் சொல்லுங்கள்” என்றார். “சார், அப்போது அந்தக் கடிதம் சிங்கப்பூரில் அவர் தம்பியிடம் இருந்தது” என்றார் அவர். “அதுதான் காரணம். அதையே சத்தியப் பிரமாணத்தில் எழுதுங்கள்.” அன்று மாலைக்குள் அந்தத் தொகுப்பை அவர் முழுவதும் புதிதாக அடுக்கிக் காட்டினார். இந்த ஒரு பயிற்சிக்காகவே கட்டணம் கொடுக்கலாம்.

பழைய வீடுகளில் இன்னமும் பேணப்படும் தமிழ்க் கணக்குப் புத்தகங்களும் இங்கே பாடமாயின. ஐந்தொகையும் பேரேடும் குடும்பச் சொத்து எப்படிப் பிரிந்தது என்பதற்கு நல்ல ஆதாரங்கள். ஆனால் அவற்றை அப்படியே நகலெடுத்து வைத்தால் தீர்ப்பாய உறுப்பினர்களால் படிக்க முடியாது. சர்ச்சைக்குரிய வரிகளை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிச் சான்றளித்து, மூலப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட வழக்குகள் இந்த வட்டாரத்தின் மண்வாசனையோடு இருந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சென்னையிலோ மும்பையிலோ அச்சான பாடப்புத்தகங்களில் மென்பொருள் நிறுவனங்களும் பங்குச் சந்தையும் இருக்கும். எங்கள் மேசைக்கு வருவதோ வேறு. கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பல பங்காளிகளுக்குப் பொதுவான வீடு விற்கப்படுகிறது என்று வைத்து ஒரு மாதிரி வழக்கு அமைத்திருந்தார்கள். விற்பனை ஆதாயத்தைக் கணக்கிட 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். ஆனால் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பை மிஞ்சக் கூடாது என்ற திருத்தம் வந்துவிட்டது. கிராமத்தில் அன்றைய வழிகாட்டி மதிப்பு மிகக் குறைவு. வீட்டுக்குள் நிற்கும் பர்மாத் தேக்குக்கோ வேறு விலை. இதற்கு மேல், விற்பதற்கு முன்பே தூண்களையும் நிலைக்கதவுகளையும் பித்தளை அண்டாக்களையும் ஒரு தஞ்சாவூர் ஓவியத்தையும் காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரி ஒருவருக்குக் கொடுத்து, அந்தப் பணத்தை வங்கியில் கட்டியிருக்கிறார்கள். துறை அதை விளக்கம் இல்லாத பணம் என்று 69ஏ பிரிவில் சேர்த்துவிட்டது.

இந்த ஒரு வழக்கை வைத்து ஒரு நாள் முழுவதும் வாதாடினோம். அண்டா வீட்டுப் புழக்கத்துக்கான சொந்தப் பொருள், எனவே விற்ற ஆதாயத்துக்கு வரி விழும் மூலதனச் சொத்து ஆகாது. ஓவியமும் நகையும் சொந்தப் பொருள் என்ற விலக்குக்குள் வராது என்று சட்டமே சொல்கிறது. தூணும் கதவும்? வீட்டோடு இருந்தவரை அசையாச் சொத்தின் பகுதி. பெயர்த்தெடுத்த பின் என்ன? பூஜையில் வைத்து வழிபட்ட வெள்ளிக் கட்டிகளையும் நாணயங்களையும் சொந்தப் புழக்கப் பொருளாக ஏற்க உச்ச நீதிமன்றம் 1976-இல் மறுத்த தீர்ப்பை ஒரு தரப்பு எடுத்து வைத்தது. அது பொருளின் இயல்பான பயன்பாட்டைப் பற்றியது, தினமும் சமைத்த அண்டாவுக்கு அது எதிராகாது என்று மறுதரப்பு பதில் சொன்னது. தீர்ப்பாய உறுப்பினராக அமர்ந்திருந்தவர் இடைமறித்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “பழம்பொருள் வியாபாரியின் ரசீது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” பக்க எண்ணை உடனே சொல்ல முடிந்தவர்கள் மேலே பேசினார்கள், முடியாதவர்கள் அமர வேண்டியிருந்தது.

நகை பற்றிய அமர்வும் நன்றாக இருந்தது. சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை நகையைக் கைப்பற்ற வேண்டாம் என்று 1994 மே மாதத்தில் மத்திய நேரடி வரி வாரியம் 1916-ஆம் எண்ணுள்ள அறிவுறுத்தலை வெளியிட்டது. அது கைப்பற்றுவதைப் பற்றிய அறிவுறுத்தல்தான் என்றாலும், அந்த அளவு நகையை விளக்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் சில சொல்லியிருக்கின்றன. அதோடு நிற்கவில்லை அந்த அறிவுறுத்தல்; குடும்பத்தின் தகுதியையும் சமூக வழக்கத்தையும் பார்த்து அதற்கு மேலும் அதிகாரி விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. கழுத்திரு என்னும் செட்டிநாட்டுத் தாலியும் சீர் நகையும் உள்ள ஆச்சி ஒருவருக்காக வாதாடுபவர் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குத் திருமண காலத்துச் சீர்ப் பட்டியலையும் பழைய படங்களையும் ஆதாரமாக வைக்க வேண்டும் என்ற யோசனை நாளைக்கே பயன்படக் கூடியது.

தீர்ப்புகளைப் படிக்கும் பயிற்சிக்கு வி.வி.ஆர்.என்.எம். சுப்பையா செட்டியார் வழக்கை எடுத்தது மிகப் பொருத்தம். கொழும்பில் குடியிருந்து தொழில் நடத்திய கர்த்தாவின் (குடும்பத் தலைவரின்) கூட்டுக் குடும்பம் இந்தியாவில் வசிப்பதாகக் கொள்ளப்படுமா என்பது கேள்வி. நிர்வாகமும் கட்டுப்பாடும் முழுவதும் இந்தியாவுக்கு வெளியே இருந்தன என்று குடும்பம் நிறுவவில்லை என்பதால், 1951-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியான அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு துறைக்குச் சாதகமாக முடிந்தது. மெய்ப்பிக்கும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு அரிது. பொருண்மைகளைப் பற்றிய இறுதி முடிவு தீர்ப்பாயத்துடையது, 260ஏ பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் கணிசமான சட்டக் கேள்வியை மட்டுமே பார்க்கும் என்பதையும் இதோடு சேர்த்தே விளக்கினார்கள். தீர்ப்பாயத்தில் சொல்லத் தவறிய பொருண்மையை மேலே போய்ச் சேர்க்க இயலாது.

குறைகளுக்கு வருகிறேன். சாட்சியச் சட்டத்துக்கு ஒதுக்கிய நேரம் போதவே போதாது. வருமான வரி நடவடிக்கைகள் சாட்சியச் சட்டத்தின் நுட்ப விதிகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டார்கள். ஆனால் துறை மூன்றாம் நபர் ஒருவரின் வாக்குமூலத்தை வைத்துத் தொகையைச் சேர்த்தால், அந்த நபரைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பை எப்போது, எப்படி எழுத்தில் கேட்பது என்பது எங்கள் கட்சிக்காரர்களுக்கு அன்றாடத் தேவை. பதிவில் இல்லாத அல்லது பதிவுக்கு மாறான செய்தியைச் சொல்லும்போது 10-ஆம் விதிப்படி வைக்க வேண்டிய பிரமாணப் பத்திரத்தையும் வரைந்து பார்க்கும் பயிற்சி இல்லை. வக்கீல்கள் கல்லூரியிலேயே கற்றுக்கொண்டு வருவது இதைத்தான். நாம் கற்காமல் வருவதும் இதைத்தான். அடுத்த முறை இதற்கு முழுதாக ஒரு வார இறுதியையாவது ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது குறை, முதல் மேல்முறையீட்டைப் பற்றியது. ஆணையரிடம் செய்யும் மேல்முறையீடு இப்போது பெரும்பாலும் முகமறியா முறையில், எழுத்து வழியாக நடக்கிறது. படிவம் 35-ஐயும் அதோடு இணைக்கும் எழுத்து வாதத்தையும் வைத்தே பின்னால் தீர்ப்பாயத்தில் பேச வேண்டியிருப்பதால், அந்த நிலையில் புதிய ஆதாரத்துக்கு இடம் தரும், வருமான வரி விதிகளின் 46ஏ விதியை இன்னும் விரிவாக எடுத்திருக்க வேண்டும். கொடுத்த குறிப்பேடும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்களிலேயே இருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் என்று நாள் குறிக்கப்பட்ட 2025-ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டத்தின் எண்களோடு ஒப்பிடும் அட்டவணை ஒன்று அதில் அவசியம் சேர வேண்டும். முந்தைய ஆண்டுகளுக்கான வழக்குகள் பழைய சட்டத்தின்படியே நடக்கும் என்பதால் இரண்டு எண்களும் பல காலம் தேவைப்படும்.

தொழில் ஒழுக்கம் பற்றிய அமர்வு குறுகியது, ஆனால் கனமானது. பின்தேதியிட்ட குடும்ப ஏற்பாட்டுப் பத்திரத்தைக் கட்சிக்காரர் கொண்டுவந்து, “அண்ணே, இதையும் சேர்த்து வைத்துவிடுங்கள்” என்றால் என்ன செய்வது என்று ஆசிரியர் கேட்டார். தெரிந்த குடும்பம், பல தலைமுறைப் பழக்கம், கோயில் திருவிழாவில் முகம் பார்க்க வேண்டியவர்கள் என்ற நெருக்கம் உள்ள ஊரில் மறுப்பது எளிதல்ல. உண்மை நகல் என்று நாமே கையெழுத்திடும் தாள் அது என்பதை நினைவில் வையுங்கள் என்று சொல்லி, மறுப்பதற்கான சொற்களையும் அவரே சொல்லிக் கொடுத்தார். இந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

உடை பற்றியும் ஒரு செய்தி. 17ஏ விதி பிரதிநிதிகளுக்கு டை கட்டிய சூட்டையோ, பொத்தானிட்ட கோட்டையோ, வேட்டியின் மேல் அணிந்த நீண்ட பொத்தானிட்ட கோட்டையோ ஏற்கிறது. பெண்களுக்கு அடக்கமான நிறச் சேலையின் மேல் கறுப்புக் கோட்டு. சேலை உடுத்துபவர்களும் வேட்டி கட்டுபவர்களும் அதைக் காரணமாக வைத்துத் தயங்க வேண்டியதில்லை.

கட்டணம் குறிப்பேடும் மதிய உணவும் சேர்த்து 8,500 ரூபாய். பெற்ற பயனுக்கு இது நியாயமான தொகை. கூடத்தில் காற்றோட்டம் போதாது, ஒலிபெருக்கி சரியில்லை. பின்வரிசையில் அமர்ந்தால் மாதிரி விசாரணையில் பாதி கேட்காது. ஒரு வகுப்பில் சேர்க்கும் ஆட்களைக் குறைத்தால் இரண்டும் தீரும், ஒவ்வொருவருக்கும் நின்று பேசும் வாய்ப்பும் இரு மடங்காகும். நான் பேசக் கிடைத்த நேரம் எனக்குப் போதவில்லை.

வணிகவியல் பட்டமும் சில ஆண்டு மதிப்பீட்டு அனுபவமும் உள்ளவர்கள் தயங்காமல் சேரலாம். ரிட்டர்ன் மட்டுமே தாக்கல் செய்து பழகியவர்கள் மதிப்பீட்டு உத்தரவுகள் சிலவற்றைப் படித்துவிட்டு வருவது நல்லது, இல்லையென்றால் முதல் வாரம் திணறலாக இருக்கும். சேர்பவர்கள் தங்களிடம் நிலுவையில் இருக்கும் ஒரு கோப்பை, கட்சிக்காரரின் அனுமதியோடு, பெயரை மறைத்து எடுத்துச் செல்ல வேண்டும். ஐம்பது லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வருமானம் உள்ள, ஒற்றை உறுப்பினர் அமர்வுக்குப் போகக்கூடிய கோப்பாக இருந்தால் மிகப் பொருத்தம். விசாரணை காலையிலேயே தொடங்கிவிடும், பல்லவன் எக்ஸ்பிரஸோ நண்பகல் நெருங்கித்தான் எழும்பூர் சேரும். ஆகவே முதல் வழக்குக்கு நேரில் செல்பவர்கள் முந்தைய இரவே புறப்பட்டுவிட வேண்டும்.